ஒரு சிகரெட் பாக்கெட்டும் 375 கோடி டாலரும்

2006 டிசம்பர் கடைசியில் ஒரு குட்டிச் செய்தி வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை பிரிட்டன் கட்டி முடித்துவிட்டது என்று. 8 கோடியே 30 லட்சத்துச் சொச்சம் டாலர். கூடவே கனடாவுக்கும் கணக்கு தீர்ந்தது. "அடேங்கப்பா, அறுபது வருஷமா கட்டிக்கிட்டு இருந்தானுங்களா!" என்பதோடு அன்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் வேறு எதையோ தேடப் போய், இந்தக் கடனுக்காக 1945 டிசம்பரில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நடந்த சண்டையைப் படிக்க ஆரம்பித்தேன். சுவாரசியம்னா அப்படி ஒரு சுவாரசியம். நம்ம ஊர்ல "நாட்டை அடகு வெச்சுட்டாங்க" என்று எதிர்க்கட்சிகள் 1991-ல் கத்தியதற்கெல்லாம் தாத்தா இந்த விவாதம். கொஞ்சம் பெரிய பதிவு, காபி ஏதாவது எடுத்து வெச்சுக்கோங்க.

முதல்ல கதைச் சுருக்கம். 1945 ஜூலையில் தேர்தல் முடிவு வருகிறது. போரை ஜெயித்துக் கொடுத்த சர்ச்சில் தோற்று, தொழிற்கட்சியின் அட்லி பிரதமராகிறார். ஆகஸ்ட் மத்தியில் ஜப்பான் சரண். போர் முடிந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. போர்க்காலம் முழுக்க அமெரிக்கா 'லெண்ட்-லீஸ்' என்ற திட்டத்தில் உணவு, எண்ணெய், ஆயுதம் எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. கைக்காசு கேட்காத ஏற்பாடு. ஆகஸ்ட் 21-ம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் அதை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்.

பிரிட்டனின் நிலைமையை நம்ம வீட்டுக் கணக்கு மாதிரி யோசிச்சுப் பாருங்க. வெளிநாட்டுச் சொத்தில் பெரும்பகுதியை விற்றாகிவிட்டது. தொழிற்சாலையெல்லாம் ஆயுதம் செய்யப் போனதால் ஏற்றுமதி படுத்துவிட்டது. சாப்பாடு முதல் பருத்தி வரை வெளியிலிருந்து வரவேண்டும், அதுவும் டாலர் கொடுத்து. பொருளாதார மேதை கெய்ன்ஸ் அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். நிதி விஷயத்தில் நாம் ஒரு 'டன்கர்க்' முன்னால் நிற்கிறோம் என்று. 1940-ல் பிரிட்டிஷ் படை கடற்கரையில் மாட்டிக்கொண்டு தப்பியோடிய இடம்தான் டன்கர்க்.

கெய்ன்ஸையே வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். உடன், அங்கே தூதராக இருந்த ஹாலிஃபாக்ஸ் பிரபு. இவர் யாருன்னு தெரியுதா? நம்ம காந்தி-இர்வின் ஒப்பந்தத்து இர்வினேதான்! வைஸ்ராய் வேலை முடிந்து போனபிறகு வந்த பட்டம் ஹாலிஃபாக்ஸ். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

கெய்ன்ஸ் போகும்போது கனவு பெரிது. 500 கோடி டாலர், அதுவும் முடிந்தால் தானமாக, இல்லாவிட்டால் வட்டியில்லாமல். ஹிட்லரை ஒரு வருஷம் தனியாகத் தாங்கி நின்றோமே, அதற்கு ஒரு மதிப்பு இருக்காதா என்ற எண்ணம். எதிரில் உட்கார்ந்தவர்கள் நிதியமைச்சர் வின்சன், வெளியுறவுத்துறையின் கிளேட்டன். அவர்கள் தங்கள் காங்கிரஸுக்கும் வாக்காளர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். "பழைய தியாகமெல்லாம் சரி, எப்போ திருப்பித் தருவீங்க?" என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயத்தை நம்பிப் போனவர், வங்கி மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

செப்டம்பரில் தொடங்கிய பேச்சு டிசம்பர் 6-ம் தேதி கையெழுத்தில் முடிந்தது. கிடைத்தது 375 கோடி டாலர். 2 சதவீத வட்டி. 1951 கடைசியிலிருந்து 50 வருடத் தவணை. லெண்ட்-லீஸ் பாக்கிக்காக இன்னொரு 65 கோடி. ரொம்ப நெருக்கடியான வருடத்தில் வட்டியைத் தள்ளுபடி செய்ய ஒரு விதி. இதுவரைக்கும் பார்த்தால் மோசமான கடன் இல்லை. நம்ம வீட்டுக் கடனுக்கு 2 சதவீதம் கொடுத்தால் ஓடிப்போய் வாங்குவோம் :)

வில்லங்கம் நிபந்தனையில் இருந்தது. ஒப்பந்தம் அமலுக்கு வந்த ஒரே வருடத்தில், வர்த்தகத்தில் சம்பாதிக்கப்படும் பவுண்டை யார் கொண்டுவந்து நீட்டினாலும் டாலராக மாற்றித் தரவேண்டும்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஒரு ஆபீஸ் கேன்டீனை நினைச்சுக்கோங்க. கையில் காசில்லாத கேன்டீன்காரர், வேலை செய்தவர்களுக்கும் காய்கறி போட்டவர்களுக்கும் சாப்பாட்டு டோக்கனாகக் கொடுத்து சமாளித்துவிட்டார். டோக்கன் அந்தக் கேன்டீனில் மட்டும்தான் செல்லும். ஆனால் அங்கே இட்லி தீர்ந்துபோய்விட்டது. எதிர்த்த ஹோட்டலில் எல்லாம் இருக்கு, ஆனா ரொக்கம்தான் வாங்குவான். அந்த எதிர் ஹோட்டல் முதலாளியிடமே கேன்டீன்காரர் கடன் கேட்டுப் போகிறார். அவர் சொல்கிறார்: "தர்றேன். ஆனா அடுத்த வருஷத்திலிருந்து உன் டோக்கன் யார் கொண்டுவந்தாலும் ரொக்கம் கொடுத்துடணும்." என்ன நடக்கும்? வாங்கின கடன் அத்தனையும் டோக்கன் வரிசைக்கே போய், அங்கிருந்து எதிர் ஹோட்டல் கல்லாவுக்கே திரும்பும்.

இத்தனைக்கும், 1944-ல் எல்லோரும் சேர்ந்து பேசி முடித்த பிரெட்டன் வுட்ஸ் ஒப்பந்தத்தில் இதே மாற்றத்துக்கு ஐந்து வருட அவகாசம் இருந்தது. கடைசி நேரத்தில் லண்டன் அமைச்சரவை இதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியது. அமெரிக்கா மசியவில்லை.

இப்போ பாராளுமன்றத்துக்கு வருவோம்.

பிரெட்டன் வுட்ஸில் சேரக் கடைசி நாள் டிசம்பர் 31. அதில் சேராவிட்டால் கடனும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான ஆறாவது நாள், டிசம்பர் 12-ம் தேதி, நிதியமைச்சர் டால்டன் அதைக் காமன்ஸ் சபையில் வைத்தார். விவாதம் இரண்டே நாள். அரை நூற்றாண்டுக்கு நாட்டைக் கட்டிப்போடும் விஷயம். ஒரு வார்த்தையைக்கூட மாற்ற முடியாது, எடு அல்லது விடு.

எழுந்தார் ராபர்ட் பூத்பி. கன்சர்வேடிவ் உறுப்பினர். ஹிட்லரிடம் பணிந்துபோன செம்பர்லினின் கொள்கையை எதிர்த்தவர். இது நமது பொருளாதார மியூனிக் என்றார். அரசுக்கு மக்கள் எதற்கு வேண்டுமானாலும் ஆணை கொடுத்திருக்கலாம், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கு விற்க ஆணை கொடுக்கவில்லை என்றார். சாம்ராஜ்யத்துக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு இருந்த வரிச்சலுகைகளை அமெரிக்கா உடைக்கப் பார்க்கிறது என்பது அவருடைய முக்கியக் குற்றச்சாட்டு.

'மியூனிக்' என்ற வார்த்தையின் ஊமைக்குத்தைக் கவனிச்சீங்களா? 1938-ல் செக்கோஸ்லோவாக்கியாவைக் காவு கொடுத்த மியூனிக் உடன்படிக்கையின்போது பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் யார்? நம்ம ஹாலிஃபாக்ஸ்தான். இப்போது வாஷிங்டனில் கெய்ன்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேசியவரும் அவரேதான். பெயர் சொல்லாமலே போய்ச் சேரும் அடி.

எதிர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பதுதான் இந்த விவாதத்தின் அழகு. ஆளும் தொழிற்கட்சியிலேயே இடதுசாரிகள் கொதித்தார்கள். அமெரிக்க முதலாளித்துவத்துக்கு அடிமையாகிவிட்டால் நாம் சொன்ன சோஷலிசம் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. மைக்கேல் ஃபூட், பார்பரா காஸில், ஜென்னி லீ எல்லோரும் சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். கூடவே, முதல்முறை ஜெயித்து வந்திருந்த ஓர் இளம் உறுப்பினரும். அவர் பெயர் ஜேம்ஸ் கேலஹன். இந்தப் பெயரையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ச்சில் என்ன செய்தார்? டிசம்பர் 13 அன்று பேசினார். ஒரு வருடத்தில் பவுண்டை டாலராக மாற்றித் தரும் நிபந்தனை இருக்கிறதே, அது நடைமுறையில் தானாகவே தோற்றுப்போகும் அளவுக்கு மோசமானது, அதுதான் இதிலிருக்கும் ஒரே நம்பிக்கை என்கிற ரீதியில் சொன்னார். இப்படிச் சொன்னவர் எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டுமில்லையா? இல்லை. தன் கட்சியை வாக்களிக்காமல் ஒதுங்கி இருக்கச் சொன்னார். காரணம் எளிது. கடன் வேண்டும், ஆனால் அதன் பழி வேண்டாம். அதே சர்ச்சில் சில மாதம் கழித்து அமெரிக்கா போனபோது, இந்தக் கடன் நிறைவேற வேண்டும் என்றுதான் அங்கே பேசினார்.

தலைவர் சொன்னதையும் மீறி எழுபதுக்கு மேற்பட்ட கன்சர்வேடிவ்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். முடிவு: ஆதரவு 345, எதிர்ப்பு 98.

அடுத்து பிரபுக்கள் சபை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய கெய்ன்ஸ் நேராக அங்கே போனார். இதய நோயாளி. டிசம்பர் 18-ம் தேதி பேசினார். வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டு நாள் உட்கார்ந்தாலே போதும், இங்கிருக்கும் சூழலுக்கும் வாஷிங்டன் சூழலுக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும் என்று ஆரம்பித்தார். இது வட்டியில்லாக் கடனாக இல்லாததற்காக உயிருள்ளவரை வருந்துவேன் என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் வேறு வழி என்ன? உலகை இரண்டு பொருளாதார முகாமாகப் பிரித்து, பட்டினியோடு ஒரு முகாமில் உட்காருவதா? அங்கே 90-க்கு 8 என்று நிறைவேறியது. பெரும்பாலோர் அங்கும் வாக்களிக்கவில்லை. நான்கே மாதத்தில், 1946 ஏப்ரல் 21-ம் தேதி, கெய்ன்ஸ் இறந்துபோனார்.

இங்கே ஒரு கணக்கு. கடன் வாங்குகிறவனின் பாராளுமன்றம் காமன்ஸில் இரண்டு நாள், பிரபுக்கள் சபையில் இரண்டு நாள் பேசியது. கடன் கொடுக்கிறவனின் காங்கிரஸ் எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டது? ஏழு மாதம்! செனட் 1946 மே மாதம் 46-க்கு 34 என்றும், பிரதிநிதிகள் சபை ஜூலையில் 219-க்கு 155 என்றும் நிறைவேற்றின. ட்ரூமன் கையெழுத்திட்டது ஜூலை 15. ஒரு வருட கெடு அன்று தொடங்கியது.

அந்த ஒரு வருடம் எப்படிப் போனது? அமெரிக்காவில் விலைக்கட்டுப்பாடு தளர்ந்து விலை ஏறியதால் அதே டாலருக்கு வாங்கும் சரக்கு குறைந்தது. 1947 ஆரம்பத்தில் பயங்கரமான குளிர், நிலக்கரித் தட்டுப்பாடு, தொழிற்சாலைகள் மூடல். ஏப்ரல் பட்ஜெட்டில் டால்டன் புகையிலை வரியைத் தாறுமாறாக ஏற்றினார். அமெரிக்கப் புகையிலைக்கு டாலர் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம். பூத்பியின் சிகரெட் பாக்கெட் நிஜமாகவே வந்து நின்றது!

1947 ஜூலை 15. டோக்கனுக்கு ரொக்கம் கொடுக்கும் கவுன்டர் திறந்தது. உலகமே வரிசையில் வந்து நின்றது. அன்றைக்கு கோதுமை, எந்திரம், பருத்தி எதுவானாலும் தாராளமாக விற்பதற்கு இருந்த நாடு அமெரிக்கா ஒன்றுதான். யாருக்குத்தான் டாலர் வேண்டாம்? ஆகஸ்ட் 20-ம் தேதி கவுன்டரை இழுத்து மூடினார்கள். ஐந்தே வாரம். பல வருடங்களுக்குத் தாங்கும் என்று வாங்கிய 375 கோடியில் எடுக்காமல் மிச்சம் இருந்தது சுமார் 40 கோடி.

ஆக, சர்ச்சில் சொன்னது அட்சரசுத்தமாக நடந்தது.

இந்தக் கதையை முதலில் படித்தபோது நான் முழுக்க கெய்ன்ஸ் கட்சி. பூத்பி மாதிரி ஆட்கள் கைதட்டலுக்காகப் பேசுகிறவர்கள் என்று நினைத்தேன். கடன் இல்லாமல் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்ட முடியாத நாடு, வீராப்பு பேசி என்ன பிரயோசனம்? இப்போது அப்படி நினைக்கவில்லை. நிபந்தனை பற்றிச் சொன்னதில் விமர்சகர்கள் சரி. வேறு வழியில்லை என்று சொன்னதில் கெய்ன்ஸ் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பாராளுமன்றத்தின் வேலை இந்த இரண்டையும் ஒரே மேஜையில் வைப்பது. "கடன் வேண்டும், இந்த விதி மட்டும் முடியாது, எங்கள் சபை ஒத்துக்கொள்ளாது" என்று அமெரிக்காவிடம் திரும்பப் போகும் வாய்ப்பு அந்த டிசம்பர் 31 கெடுவால் இல்லாமல் போனது. வின்சனும் கிளேட்டனும் "எங்க காங்கிரஸ் ஒத்துக்காது" என்று சொல்லிச் சொல்லியே பேரத்தை ஜெயித்தார்கள். கெய்ன்ஸுக்குப் பின்னால் அப்படி ஒரு சபை நிற்கவில்லை. கையெழுத்து போட்ட பிறகு வருகிற விமர்சனம், கல்யாணம் முடிந்த பிறகு பார்க்கிற ஜாதகம் மாதிரி. பொருத்தம் இல்லைன்னு சரியா சொல்லலாம், அவ்வளவுதான்.

சரி, கேலஹனுக்கு வருவோம். இந்தக் கடனின் தவணையை பிரிட்டன் ஆறு முறை தள்ளிப்போட்டது: 1956, 1957, 1964, 1965, 1968, 1976. இதில் 1964, 1965 இரண்டிலும் நிதியமைச்சர் கேலஹன். 1976-ல் அவரே பிரதமர். அந்த வருடம்தான் பவுண்டு சரிந்து, சர்வதேச நிதியத்திடம் கடனுக்குப் போய் நின்றார். 1945-ல் எதிர்த்து வாக்களித்த அதே ஆள். விதி எழுதும் திரைக்கதை சில நேரம் நம்ம சினிமாவை மிஞ்சிவிடும்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அமெரிக்காவிடம் வாங்கிய கடன் பெரிதுதான். ஆனால் போர் முடிந்தபோது பிரிட்டன் மற்ற நாடுகளுக்கு, முக்கியமாகத் தன் ஆளுகைக்கு உட்பட்டவர்களுக்கு, பவுண்டில் வைத்திருந்த பாக்கி 300 கோடி பவுண்டுக்கு மேல். ஒரு பவுண்டு அப்போது நான்கு டாலருக்குச் சற்று மேல், கணக்குப் போட்டுக்கோங்க. இதில் ஆகப் பெரிய கடன்காரர் யார்? இந்தியா. சுமார் 130 கோடி பவுண்டு.

நாம எப்படி பிரிட்டனுக்குக் கடன் கொடுத்தோம்னு ஆச்சரியமா இருக்கா? போருக்காக இந்தியாவில் துணி, கூடாரம், சணல், தானியம் என்று வாங்கிக் குவித்தார்கள். ரூபாய் கொடுத்தது இந்திய அரசு. அதற்கு ஈடாக லண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் பவுண்டு வரவு வைத்தார்கள். அந்த வரவைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி நோட்டு அடித்தது. சரக்கு போனது, காகிதம் வந்தது, விலைவாசி பிய்த்துக்கொண்டு ஏறியது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்ததற்கு இந்த விலையேற்றமும் ஒரு காரணம். அந்த 130 கோடி, பசித்த வயிற்றிலிருந்து போன கடன்.

அமெரிக்க ஒப்பந்தத்தில் இந்தப் பாக்கிக்கும் ஒரு விதி இருந்தது. ஒரு பங்கு உடனே விடுவிப்பு, ஒரு பங்கு 1951-க்கு மேல் தவணை, ஒரு பங்கு போரில் பங்களிப்பாகக் கருதி 'சரிக்கட்டல்'. அதாவது தள்ளுபடி! இந்தியாவின் பணத்தைத் தள்ளுபடி செய்வது பற்றி லண்டனும் வாஷிங்டனும் பேசி எழுதிக்கொண்டன. அதை விவாதித்த சபையில் இந்தியர்களுக்கு ஒரு பிரதிநிதி கிடையாது. சாம்ராஜ்யத்தை விற்றுவிட்டார்கள் என்று ஒருவர் முழங்கினாரே, விற்கப்பட்டதாகச் சொன்ன அந்தச் சாம்ராஜ்யத்துக்கே அவர்கள் பாக்கி வைத்திருந்தார்கள்.

இந்தப் பாக்கியை விடாமல் கேட்டவர்களில் ஒருவர் நம்ம கோயமுத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1944-ல் பிரெட்டன் வுட்ஸுக்குப் போன இந்தியக் குழுவில் இருந்தார். அங்கேயே இந்தப் பிரச்சினையை இந்தியத் தரப்பு எழுப்பியது, பிரிட்டன் மழுப்பியது. பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி, 1948-ல் லண்டன் போய் அவரே உட்கார்ந்து பேசினார். தள்ளுபடி என்ற பேச்சு இந்தியா விஷயத்தில் நடக்கவில்லை. ராணுவத் தளவாடங்கள், வெள்ளைக்கார அதிகாரிகளின் ஓய்வூதியம் என்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதி தவணையாக வந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் ஆரம்ப வருடங்களில் பெரும்பகுதி கரைந்தது.

கடைசியாக ஒன்று. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தார்கள். அமெரிக்கக் கடன் டாலரில் இருந்ததால் அமெரிக்காவுக்கு ஒரு சென்ட் நஷ்டமில்லை. இந்தியாவின் பாக்கி பவுண்டில் இருந்ததால் டாலர் கணக்கில் சுமார் 30 சதவீதம் ஒரே ராத்திரியில் ஆவி. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதைவிட, எந்தக் காசில் எழுதியிருக்கு என்பதுதான் முக்கியம் போல.

அதனால் எந்த நாட்டுப் பாராளுமன்றத்திலாவது "நாட்டை விற்றுட்டாங்க" என்று யாராவது மேஜையைத் தட்டினால், நான் இப்போதெல்லாம் மூன்று விஷயம் பார்க்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் தட்டுகிறாரா, பின்னாலா? எதிர்த்து வாக்களிக்கிறாரா, எழுந்து வெளியே போகிறாரா? அப்புறம், அந்தக் கடனால் பாதிக்கப்படுகிற யாராவது அந்த அறையில் இல்லாமல் இருக்கிறார்களா?

1945 டிசம்பரில் இந்த மூன்று கேள்விக்கும் விடை என்னவென்று மேலே பார்த்தோம். உங்களுக்கு வேற மாதிரி தோணுச்சுன்னா சொல்லுங்க, சண்டை போடலாம்.